உதறும் ரோபோ கைக்கு ஃபில்டர் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனிதர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் ரோபோ கைகளைப் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாக எழுதியிருந்தார்கள், படங்களும் தெளிவாக இருந்தன. ஆனால் கடைசிப் பத்தியில், இந்தக் கையைத் தள்ளினால் அது விலகிக்கொடுக்கும், அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். இந்தக் கைகளை நிறுவுவது, டியூன் செய்வது, தகராறு செய்தால் போய்ப் பார்ப்பது, இதுதான் 11 வருடமாக என் வேலை. விலகிக்கொடுக்க வேண்டிய கை தடதடவென்று உதறத் தொடங்கும்போதுதான் எனக்குப் போன் வரும். நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே இருப்பவர்கள் ஏதோ ஒன்றைச் செய்து பார்த்திருப்பார்கள், பத்தில் எட்டு முறை அது நிலைமையை மோசமாக்கியிருக்கும். அவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை, நல்ல பொறியாளர்கள்தான். உதறல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் பழக்கத்தை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் இந்த விலகிக்கொடுப்பது என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன், கட்டுரையில் அது விடுபட்டிருந்தது. சாதாரண ரோபோ கைக்கு இடம் மட்டும்தான் தெரியும். இங்கே போ என்றால் போகும், நடுவில் மேஜை இருந்தாலும் ஆள் இருந்தாலும் முட்டிக்கொண்டு போகப் பார்க்கும். இணக்கக் கட்டுப்பாட்டில், கையின் நுனிக்கும் அது போக வேண்டிய இடத்துக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங்கும் ஆட்டத்தைத் தணிக்கும் ஒரு டாம்பரும் இருப்பதாகக் கணக்குப் போட்டு, அந்தக் கணக்குப்படி மோட்டார்களை ஓட்டுகிறோம். 1981-இல் ரெய்பர்ட், கிரெய்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சில திசைகளில் இடத்தையும் மற்ற திசைகளில் விசையையும் கட்டுப்படுத்தும் கலப்பு முறையை முன்வைத்தார்கள். 1985-இல் நெவில் ஹோகன், இடம், விசை என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டாம், இரண்டுக்கும் உள்ள உறவையே கட்டுப்படுத்துவோம் என்றார், அதுதான் இம்பீடன்ஸ் கட்டுப்பாடு. அதையே திருப்பிப் போட்டால் அட்மிட்டன்ஸ்: மணிக்கட்டில் இருக்கும் சென்சார் விசையை அளக்கும், அந்த விசைக்கு எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் போட்டு அதைக் கைக்குக் கட்டளையாகக் கொடுப்போம். ஏற்கெனவே இருக்கும் விறைப்பான கையில் ஒரு சென்சாரை மாட்டி மென்மையாக்குகிற இடங்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழிதான்.

இதில் எல்லாவற்றுக்கும் அடிப்படையான விஷயம், அந்த ஸ்பிரிங் அங்கே இல்லை. நிஜ ஸ்பிரிங்கை அழுத்திவிட்டால் நாம் கொடுத்த ஆற்றலைத்தான் திருப்பித் தரும், அதற்கு மேல் ஒரு துளியும் தராது. கணக்கு ஸ்பிரிங்குக்குப் பின்னால் மோட்டாரும் மின்சாரமும் இருக்கின்றன. கணக்கு கொஞ்சம் தாமதமாக வந்தாலோ அளவு கொஞ்சம் தப்பினாலோ, வாங்கியதைவிட அதிகமாகத் திருப்பித் தந்துவிடும். அடுத்த ஆட்டத்தில் இன்னும் கொஞ்சம், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். ஆக, கை உதறுகிறது என்றால் எங்கோ ஒரு வழியாக ஆற்றல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது, அந்த வழியைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். உலோகத் தகட்டை மெருகேற்றும் ஒரு கை. நுனியில் சுழலும் மெருகுச் சக்கரம், அதற்குப் பின்னால் விசைச் சென்சார். அட்மிட்டன்ஸ் முறை, கட்டளை 8 மில்லி விநாடிக்கு ஒரு முறை போகும், அதாவது விநாடிக்கு 125 தடவை. நுரைப் பஞ்சின் மேல் வைத்து டியூன் செய்திருந்தார்கள், அங்கே பட்டுப் போல ஓடியது. தகட்டில் வைத்ததும் உதறல். சென்சாரின் அளவு கோணல்மாணலாக வருகிறது, அதனால்தான் என்று முடிவு செய்து, வேகமான ஆட்டங்களை அடைத்து மெதுவானவற்றை மட்டும் விடும் லோ-பாஸ் ஃபில்டரை 30 ஹெர்ட்ஸிலிருந்து (விநாடிக்கு 30 ஆட்டம்) 10 ஹெர்ட்ஸுக்கு இறக்கினார்கள். உதறல் மெதுவானது. விநாடிக்குப் பதினாறு தடவை ஆடியது பத்துத் தடவை ஆடியது. மெதுவானதைப் பார்த்து, சரியான திசையில்தான் போகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு ஆட்டமும் முன்பைவிடப் பெரிதாக இருந்தது. நான் போனபோது தகட்டில் சீரான இடைவெளியில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது, கைவிரலை வைத்துத் தடவினால் படிக்கட்டு போலத் தட்டுப்பட்டது.

நடந்தது இதுதான். ஃபில்டர் சும்மா வடிகட்டாது, தாமதப்படுத்தித்தான் வடிகட்டும். முதல்நிலை லோ-பாஸ் ஃபில்டர் 30 ஹெர்ட்ஸில் இருந்தால் கிட்டத்தட்ட 5 மில்லி விநாடி தாமதம், 10 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 16 மில்லி விநாடி. இதோடு சென்சார் பெட்டிக்குள்ளேயே இருந்த இன்னொரு ஃபில்டரும் (அது இருப்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை) கட்டளை போய்ச் சேரும் நேரமும் சேர்ந்து இன்னொரு 10. ஆக 15 மில்லி விநாடியாக இருந்த தாமதத்தை 26 ஆக்கிவிட்டார்கள். ஊஞ்சல் ஆடும் பிள்ளையை நிறுத்த வேண்டும் என்றால், அது நம்மை நோக்கி வரும்போது பிடித்து அடக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்து, அது திரும்பிப் போகத் தொடங்கிய பிறகு அதே தள்ளலைக் கொடுத்தால் நிறுத்துவதற்குப் பதிலாக வீசிவிடுகிறோம். தாமதமான விசை அளவை நம்பி நகரும் கை இதைத்தான் செய்கிறது.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, பேப்பரில் போடக்கூடிய கணக்கு. தொடுகிற பொருளின் விறைப்பைத் தாமதத்தால் பெருக்கி, கணக்கு டாம்பரின் தணிப்பால் வகுத்துப் பாருங்கள். கணக்கு ஸ்பிரிங் இல்லாமல் வெறும் தணிப்பு மட்டும் இருக்கும் எளிய அட்மிட்டன்ஸில், அந்த எண் 1.57-ஐத் தாண்டினால் உதறல் உறுதி. கிட்டத்தட்ட 0.37-க்குக் கீழே இருந்தால் ஆட்டமே இல்லாமல் போய் அமரும். அந்தத் தகடும் அதன் தாங்கியும் சேர்ந்து மீட்டருக்கு 1,00,000 நியூட்டன் விறைப்பு என்று வைத்துக்கொண்டேன். தணிப்பு 800 வைத்திருந்தார்கள். 15 மில்லி விநாடித் தாமதத்தில் எண் 1.9 வருகிறது, உதறும். 26 ஆக்கியதும் 3.25. பஞ்சின் விறைப்பு 2,000 என்றால் அதே 26 மில்லி விநாடியில்கூட எண் 0.07-ஐ எட்டாது. பஞ்சில் ஓடியதும் தகட்டில் ஓடாததும் இதனால்தான், கையில் எந்தக் கோளாறும் இல்லை. அப்புறம் இன்னொன்று, இந்த வகை உதறலில் ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் தாமதத்தைப் போல நான்கு மடங்குக்குப் பக்கத்தில் இருக்கும். 26-ஐ நான்கால் பெருக்கினால் 104 மில்லி விநாடி, விநாடிக்குப் பத்து ஆட்டம். கையின் ஓட்டத்தைப் பதிவு செய்யும் லாகில் இருந்ததும் அதுவேதான். அந்த ஒத்துப்போன எண்ணைப் பார்த்ததும் தாமதம்தான் காரணம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

தாமதத்தை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். கையை ஓரிடத்தில் நிற்கவைத்து, ஒரு ரப்பர் சுத்தியலால் கருவியின் நுனியில் லேசாகத் தட்டுங்கள். விசை அளவு எந்த நொடியில் எகிறியது, கை உண்மையில் எந்த நொடியில் நகரத் தொடங்கியது, இரண்டையும் ஒரே கடிகாரத்தில் பதிவு செய்து கழித்துப் பாருங்கள். சென்சாருக்கு உள்ளே இருக்கும் ஃபில்டரின் தாமதம் இதில் முழுசாகத் தெரியாது, அதற்கு அந்தப் பெட்டியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். பத்து முறை தட்டுங்கள். பத்து முறையும் ஒரே எண் வந்தால் சரி. ஒரு முறை 9, ஒரு முறை 30 என்று வந்தால் கன்ட்ரோலர் கம்ப்யூட்டரில் வேறு ஏதோ புரோகிராம் குறுக்கே புகுந்து நேரத்தைத் தின்கிறது. அதைச் சரிசெய்யாமல் கெயினை, அதாவது கை எவ்வளவு பலமாகப் பதில் சொல்ல வேண்டும் என்ற அளவை, தொடுவதில் பிரயோஜனம் இல்லை.

சரி, அந்தக் கையை எப்படிச் சரிசெய்தோம்? ஃபில்டரை ஏற்றினோம். ஆமாம், இறக்கவில்லை, 80 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினோம், அதன் தாமதம் 2 மில்லி விநாடியாகச் சுருங்கியது. அளவு கோணல்மாணலாக வந்ததற்குக் காரணம் மெருகுச் சக்கரம், அது நிமிடத்துக்கு 6,000 சுற்று, அதாவது சரியாக 100 ஹெர்ட்ஸ். அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் அடைக்கும் நாட்ச் ஃபில்டரைச் சென்சார் பெட்டியிலேயே போட்டோம், அந்தப் பெட்டியில் அதற்கு வசதி இருந்தது. ஏன் அங்கேயே போட வேண்டும் என்றால், கன்ட்ரோலர் விநாடிக்கு 125 தடவைதான் வாசிக்கிறது, 100 ஹெர்ட்ஸ் அதிர்வு அதன் கண்ணுக்கு 25 ஹெர்ட்ஸ் ஆட்டமாகத் தெரியும். இல்லாத ஆட்டத்துக்குக் கை பதில் சொல்லத் தொடங்கிவிடும், பிறகு எந்த ஃபில்டராலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. சென்சாருக்குள் இருந்த ஃபில்டரையும் தளர்த்தியதில் மொத்தத் தாமதம் 9 மில்லி விநாடிக்கு வந்தது. எண் 1.1. உதறல் நின்றது, ஆனால் தொட்டவுடன் இரண்டு மூன்று முறை சிலிர்த்துவிட்டுத்தான் அடங்கியது. கடைசியாகச் சக்கரத்துக்கும் சென்சாருக்கும் நடுவில் ஒரு ரப்பர் தகட்டை வைத்தோம். கை தொடுகிற விறைப்பு 20,000 ஆகக் குறைந்தது, எண் 0.23. சிலிர்ப்பும் போய்விட்டது.

அந்த ரப்பர் துண்டை வைத்தபோது அங்கிருந்த ஒருவருக்கு அது தோல்வி மாதிரித் தெரிந்தது, சாஃப்ட்வேரில் செய்ய வேண்டியதை ரப்பரால் செய்கிறோமே என்று. நான் அப்படி நினைக்கவில்லை. துளைக்குள் முளையைச் செருகும் வேலைக்காக 1970-களிலேயே அமெரிக்காவின் டிரேப்பர் ஆய்வகத்தில் மணிக்கட்டில் மாட்டும் ஒரு வளைந்துகொடுக்கும் அமைப்பைச் செய்தார்கள், அதில் கம்ப்யூட்டரே கிடையாது. நிஜமான வளைவுக்குத் தாமதம் பூஜ்யம். அதைவிட வேகமான கன்ட்ரோலரை யாராலும் எழுத முடியாது.

எல்லா உதறலும் தாமதத்தால் வருவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். வகை பிரிக்க நான் பார்ப்பது ஆட்டத்தின் அதிர்வெண். கணக்கு ஸ்பிரிங்கின் விறைப்பை நான்கு மடங்கு ஏற்றுங்கள், அல்லது நான்கில் ஒன்றாக இறக்குங்கள். ஆட்டத்தின் வேகம் இரண்டு மடங்காகவோ பாதியாகவோ மாறினால் அது தணிப்பு போதாத ஸ்பிரிங், வேறு ஒன்றும் இல்லை. நிறை 10 கிலோ, விறைப்பு மீட்டருக்கு 1,000 நியூட்டன் என்றால் சரியான தணிப்பு 200, விறைப்பை 4,000 ஆக்கினால் தணிப்பை 400 ஆக்க வேண்டும். விறைப்பை மட்டும் ஏற்றிவிட்டுத் தணிப்பை அப்படியே விட்டுவிடுவது தினமும் பார்க்கிற தப்பு. தொடுகிற பொருளை மாற்றியும் ஆட்டத்தின் வேகம் பெரிதாக மாறவில்லை என்றால் தாமதத்தைச் சந்தேகப்படுங்கள். எதை மாற்றினாலும் மாறாமல், கையை நீட்டினால் மெதுவாகவும் மடக்கினால் வேகமாகவும் ஆடுகிறது என்றால் அது கையின் சொந்த அதிர்வு, கியரும் மூட்டும் வளைந்து நிமிர்வது. அதைக் கெயினால் அடக்கப் போனால் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றின கதைதான், அளந்து, கணக்குப் போட்டு, நகர்த்தும் நம் கட்டுப்பாட்டுச் சுற்றை (லூப்) அந்த அதிர்வெண்ணுக்கு வெகு கீழேயே நிறுத்திக்கொள்வதுதான் வழி.

காற்றில் சும்மா நிற்கும்போதே மூட்டிலிருந்து கிர்ர்ரென்று சத்தம் வந்தால் தொடுதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் வேகத்தைக் கணக்கிடும் இடத்தில் பிழை. மூட்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் என்கோடர், ஒரு சுற்றுக்கு 4,096 படிகளோடு மூட்டிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படி என்பது 0.088 டிகிரி. 1 மில்லி விநாடியில் ஒரே ஒரு படி மாறினால், கழித்து வகுக்கும் கணக்கு, மூட்டு விநாடிக்கு 88 டிகிரி வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லும்! அடுத்த மில்லி விநாடியில் பூஜ்யம் என்று சொல்லும். டாம்பர் இதை நம்பி மோட்டாரை அடித்து அடித்து விடும். தணிப்பை ஏற்ற ஏற்ற ஆட்டம் கூடுவது ஏன் என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இதைப் பாருங்கள். வேகத்தைக் கியருக்கு முன்னால், மோட்டார் பக்கம் அளந்தால் 100-க்கு 1 கியரில் அந்தப் பொய் வேகம் விநாடிக்கு 0.88 டிகிரியாகச் சுருங்கிவிடும்.

இம்பீடன்ஸ் முறையில் ஓடும் கைகளுக்கு இன்னொரு எல்லை உண்டு. கம்ப்யூட்டர் உருவாக்கும் சுவர் எவ்வளவு விறைப்பாக இருக்கலாம் என்பதை அந்த மூட்டில் நிஜமாக இருக்கும் உராய்வுத் தணிப்பும் கணக்கு நடக்கும் இடைவெளியும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன: தணிப்பின் இரண்டு மடங்கை இடைவெளியால் வகுத்தால் வருவது உச்சவரம்பு. நிஜத் தணிப்பு 2 என்றால், 1 மில்லி விநாடி இடைவெளியில் 4,000 வரை போகலாம், அதையே 8 மில்லி விநாடிக்கு ஒரு முறை கணக்கிட்டால் 500-தான். வேகமான கன்ட்ரோலரில் ஓடிய எண்களை அப்படியே எடுத்து மெதுவான ஒன்றில் போட்டுவிட்டு, அங்கே ஓடியதே, இங்கே ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

உதறாமல் மெல்ல நகர்ந்துகொண்டே போகும் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் நிலையற்ற நடத்தைதான், ஆனால் காரணம் சப்பென்றிருக்கும். கருவியின் எடை. யாரோ நுனியில் இருந்த கருவியை மாற்றியிருப்பார்கள், அமைப்பில் 1.2 கிலோ, நிஜத்தில் 1.5 கிலோ. அந்த 0.3 கிலோவின் எடை கிட்டத்தட்ட 3 நியூட்டன், அதை யாரோ கையைக் கீழே தள்ளுவதாகச் சென்சார் எடுத்துக்கொள்ளும். கையால் பிடித்து வழிநடத்தும் முறையில் தணிப்பு 30 இருந்தால் விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் தானாகவே கீழே இறங்கும். பூஜ்யம் பொத்தானை அழுத்தினால் நின்றுவிடும், எல்லோரும் அதோடு விட்டுவிடுவார்கள். மணிக்கட்டைத் தலைகீழாகத் திருப்பும்போது பிழை இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அதனால் பூஜ்யம் அழுத்தியபின் மணிக்கட்டை நான்கு பக்கமும் திருப்பி, விசை அளவு பூஜ்யத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். இன்னொரு திருட்டுக் காரணம் கேபிள். ஒரு முறை அரை நாள் தேடிய பிறகு, சக்கரத்துக்குப் போகும் கேபிள் கட்டு, மணிக்கட்டு குறிப்பிட்ட கோணத்துக்கு வரும்போது மட்டும் விறைத்து இழுப்பதைக் கண்டுபிடித்தேன். அளவைப் பார்த்தபோது ஏதோ மர்மமாக இருந்தது. கேபிளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்ததும் எண் பூஜ்யத்துக்குப் போய்விட்டது.

விசையின் திசையை மாற்றிப் போட்டுவிடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. சென்சார் தன் சொந்த அச்சுகளில் அளக்கிறது, கை அடித்தளத்தின் அச்சுகளில் நகர்கிறது, நடுவில் ஒரு குறி தப்பினால் தள்ளின திசைக்கு எதிராகக் கை பாயும். சுவரைத் தொட்டால் சுவருக்குள்ளேயே அழுத்தும், அழுத்த அழுத்த இன்னும் அழுத்தும். வேகத்தை மிகக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒரு குச்சியால் ஒவ்வொரு அச்சிலும் தனித்தனியாகத் தள்ளி, அந்தப் பக்கம்தான் விலகுகிறதா என்று பாருங்கள். மணிக்கட்டை 90 டிகிரி திருப்பி வைத்து மறுபடியும் செய்யுங்கள், ஒரு நிலையில் சரியாகத் தெரிந்து இன்னொரு நிலையில் தப்பும் பிழைதான் அதிகம். சுழற்சிக்கும் இதே சோதனை. டிகிரியும் ரேடியனும் கலந்துவிட்டால் 57 மடங்கு தப்பு வரும். எப்போதாவது, ஒரு குறிப்பிட்ட திருப்பத்தில் மட்டும் மணிக்கட்டு திடீரென்று வெட்டி இழுக்கிறது என்றால் கோணம் 180-லிருந்து கழித்தல் 180-க்குத் தாவுகிறதா, அல்லது திருப்பத்தை நான்கு எண்களால் குறிக்கும் குவாட்டர்னியனின் குறி மாறுகிறதா என்று பாருங்கள். ஒரே திசையைக் குறிக்க இரண்டு குவாட்டர்னியன்கள் உண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது மணிக்கட்டு கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று பின்தங்கிவிட்டதாகக் கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும்.

மனிதர் பிடித்து வழிநடத்தும்போது மட்டும் வரும் நடுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை, இதில் நான் நிறையக் கோபப்பட்டிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருவர் ரோபோ கையைப் பிடித்ததும் அது நடுங்கியது, அவர் பயந்து இன்னும் இறுக்கிப் பிடித்தார், நடுக்கம் கூடியது. நீ பிடிக்கிற விதம் சரியில்லை என்று அவரைத்தான் திட்டினார்கள். மனிதர் இறுக்கிப் பிடித்தால் அவருடைய கையும் விறைக்கும், அந்த விறைப்பு லூப்புக்குள் வந்து சேரும், மேலே சொன்ன கணக்கில் தொடுகிற பொருளின் விறைப்பு கூடுகிறது, அவ்வளவுதான். பயந்தவர் இறுக்கிப் பிடிப்பது இயல்பு. அந்தப் பிடியையும் தாங்கும்படி கையை டியூன் செய்யாதது டியூன் செய்தவரின் தவறு. இறகு போல லேசாக நகர வேண்டும் என்ற ஆசையில் கணக்கு நிறையை நிஜ நிறையைவிட வெகுவாகக் குறைத்து வைத்திருந்தார்கள், அங்கேதான் ஆற்றல் உள்ளே நுழைந்தது. நிறையையும் தணிப்பையும் ஏற்றினோம், கை கொஞ்சம் கனமாகத் தெரிந்தது, ஆனால் அவர் எப்படிப் பிடித்தாலும் நடுங்கவில்லை.

விறைப்பை ஓடும்போதே மாற்றுபவர்களுக்கும் ஒரு கணக்கு: கை 5 சென்டிமீட்டர் விலகியிருக்கும்போது விறைப்பை 200-லிருந்து 2,000-க்குச் சட்டென்று மாற்றினால், கணக்கு ஸ்பிரிங்கில் இருந்த 0.25 ஜூல் ஆற்றல் அந்த நொடியிலேயே 2.5 ஜூல் ஆகிவிடுகிறது. யாரும் அழுத்தவில்லை, எங்கிருந்தோ வந்தது. கை எகிறும். மெதுவாக ஏற்றுங்கள், அல்லது விலகல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது மாற்றுங்கள். விசைக் கட்டுப்பாட்டில் இன்டெக்ரல் (பிழையைக் கூட்டிக் கூட்டிச் சேர்க்கும் பகுதி) வைத்திருப்பவர்கள், இன்னும் எதையும் தொடாத நேரத்தில் அது சும்மா ஏறிக்கொண்டே போகாமல் பூட்டி வையுங்கள், இல்லையென்றால் முதல் தொடுதலே அடியாக விழும். கை நேராக நீண்டுவிடும் நிலை, மணிக்கட்டின் இரண்டு அச்சுகள் ஒரே கோட்டில் வரும் நிலை, இந்தச் சிங்குலாரிட்டிகளுக்குப் பக்கத்தில் அட்மிட்டன்ஸ் கட்டளை மூட்டு வேகங்களை எங்கோ கொண்டுபோய்விடும், அங்கே போகாதபடி பாதையை மாற்றுவதுதான் நல்லது.

இதையெல்லாம் செய்யும்போது பாதுகாப்பு. டியூன் செய்யும் நேரத்தில் உங்கள் கையில் எனேபிள் சுவிட்ச் இருக்க வேண்டும், விட்டாலும் நிற்கும், பதறி முழுசாக அழுத்தினாலும் நிற்கும், அந்த மூன்று நிலை சுவிட்சைச் சொல்கிறேன். கைமுறை ஓட்டத்துக்கு ரோபோ பாதுகாப்புத் தரநிலையான ஐஎஸ்ஓ 10218 சொல்லும் விநாடிக்கு 250 மில்லிமீட்டர் என்ற குறைந்த வேக வரம்பை எடுத்துவிட்டு ஓட்டாதீர்கள். மனித உடலின் எந்தப் பகுதி எவ்வளவு விசையைத் தாங்கலாம் என்று 2016-இல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 பட்டியல் கொடுக்கிறது. அந்த வரம்புகளுக்குள் இருக்கிறது என்று அளந்து சான்று வாங்கும்போது கை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்திருக்கும். அதற்குப் பிறகு ஒருவர் கருவியை மாற்றி, இன்னொருவர் ஃபில்டரை இறக்கி, கை உதறத் தொடங்கிவிட்டால் அது சான்று வாங்கிய கை இல்லை, திரும்ப அளக்க வேண்டும். உதறும் கையைக் கையால் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். நானே பார்த்திருக்கிறேன், பிடித்தவரின் விறைப்பும் சேர்ந்து உதறல் பெரிதாகி அவருடைய கட்டைவிரல் நசுங்கியது. சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள், அதற்குத்தான் அது இருக்கிறது.

தள்ளினால் விலகிக்கொடுக்கும் என்ற அந்த வரி அதனால்தான் என்னை உறுத்தியது. சரியாக டியூன் செய்யப்பட்டு, அதே கருவியோடு, அதே பொருளைத் தொடும் வரை விலகிக்கொடுக்கும் என்று இருந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். கையோடு வேலை செய்கிற தொழிலாளிக்கு அது தெரிய வேண்டும், இன்று புதிதாக ஏதோ மாற்றினார்கள் என்றால் முதல் சில நிமிடம் தள்ளி நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

கல்லூரிகளில் இதைக் கற்றுக்கொடுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்களின் புராஜெக்ட் அறிக்கைகளை நான் அவ்வப்போது பார்க்கிறேன், எல்லாவற்றிலும் கடைசியாக ஒழுங்காக ஓடின ஓட்டத்தின் வரைபடம் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய இருபது ஓட்டங்களில் கை உதறியிருக்கும், அந்த லாகுகளை அழித்துவிடுகிறார்கள். அவற்றை அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள்: எத்தனை ஹெர்ட்ஸில் ஆடியது, தாமதம் எவ்வளவு, எதை மாற்றியபோது நின்றது. அதற்கு மதிப்பெண் கொடுங்கள். உங்கள் நாளிதழும் அடுத்த முறை ரோபோ கையைப் பற்றி எழுதும்போது, அழகாக ஓடும் கையின் படத்துக்குப் பக்கத்தில் உதறின ஒரு கையின் வரைபடத்தையும் போட்டால் நன்றாக இருக்கும். வேண்டுமானால் அந்தத் தகட்டு வேலையின் லாகை நான் அனுப்பித் தருகிறேன், உதறியபோது எடுத்ததும் இருக்கிறது, ரப்பர் வைத்த பிறகு எடுத்ததும் இருக்கிறது.

இப்படிக்கு,
ரோபோ கைகளை டியூன் செய்யும் உங்கள் வாசகர்